இறக்கியதெல்லாம் ஏறுமா?

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகளின் கேள்விகள். எல்லாவற்றிலும் ஒரே தவிப்பு: பாடம் போனுக்குள் வந்துவிட்டது, மார்க் மட்டும் வர மாட்டேன் என்கிறது. ஆகவே இந்த வாரப் பக்கம் முழுக்கப் படிப்புக்கே.

கேள்வி: என் லேப்டாப்பில் நோட்ஸ், பிபிடி, பழைய வினாத்தாள், வீடியோ எல்லாம் சேர்த்து 40 ஜிபி இருக்கிறது. அப்படியும் மூன்று அரியர். எங்கே தப்பு?
(இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவர், ஈரோடு)

பதில்: லேப்டாப் பாஸ். நீதான் ஃபெயில். வாட்ஸ்அப் குரூப்பில் 'யூனிட் 3 ஃபைனல்', 'யூனிட் 3 ஃபைனல் புதுசு', 'யூனிட் 3 இதுதான் ஃபைனல்' என்று மூன்று பிடிஎஃப் கிடக்கும். மூன்றையும் இறக்கியிருப்பாய், ஒன்றிலும் இரண்டாம் பக்கம் தாண்டியிருக்க மாட்டாய். சேர்த்து வைத்தாலே படித்த திருப்தி வந்துவிடுகிறது. அந்தத் திருப்திதான் உன் எதிரி. ஒரு பேப்பருக்கு ஒரு புத்தகம், ஒரு நோட்ஸ், ஐந்து பழைய வினாத்தாள் போதும். மிச்சத்தை அழி. இன்றைக்கே அழி தம்பி.

கேள்வி: வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. எனக்கு மறதி நோயா?
(மூன்றாம் ஆண்டு மாணவி, நாகர்கோவில்)

பதில்: நோய் இல்லை கண்ணு, பழக்கம். 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒரு சிறு பாடத்தைக் கொடுத்தார்கள். சூரியனைப் பற்றி ஒன்று, கடல் நீர்நாயைப் பற்றி ஒன்று. ஒரு கூட்டம் அதையே திரும்பத் திரும்ப வாசித்தது. சராசரியாக 14 முறை. இன்னொரு கூட்டம் மூன்று நான்கு முறை வாசித்துவிட்டு மூடி வைத்தது. நினைவுக்கு வந்ததை வெற்றுத்தாளில் எழுதியது, மறுபடி எழுதியது, மூன்றாம் முறையும் எழுதியது.

ஐந்து நிமிஷம் கழித்து வைத்த தேர்வில் வாசித்த கூட்டம் ஜெயித்தது: 83 சதவீதம், எதிராளி 71. ஒரு வாரம் கழித்து அதே தேர்வு. வாசித்தவர்கள் 40. மூடிவைத்து எழுதியவர்கள் 61.

இதில் கவனிக்க வேண்டியது, 'எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்' என்று அதிக நம்பிக்கையோடு சொன்னது 14 முறை வாசித்த கூட்டம்தான். உனக்கு வீடியோ தருவது அதே நம்பிக்கை. வீடியோ முடிந்ததும் போனைக் கவிழ்த்து வை. பேனாவை எடு. எழுத வராத இடம் எதுவோ, அதுதான் நீ படிக்க வேண்டிய இடம்.

கேள்வி: 'ஒரே இரவில் பாஸ்' என்று யூடியூபில் வரும் வீடியோக்களை நம்பலாமா?
(கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: ஒரே இரவில் உயர்வது அந்த வீடியோவின் வியூஸ்.

கேள்வி: எங்கள் கல்லூரிப் பாடத் தளத்தை யார் அதிகம் திறக்கிறார்களோ அவர்களுக்கே மார்க் அதிகம் என்று எச்.ஓ.டி. வரைபடம் போட்டுக் காட்டினார். இனி தினமும் பத்து முறை லாகின் செய்தால் போதுமா?
(இறுதியாண்டு மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: தெர்மாமீட்டரை வெந்நீரில் முக்கினால் உடம்புக்குக் காய்ச்சல் வராது. நன்றாகப் படிப்பவன் தளத்தைத் திறக்கிறான் என்பதும், தளத்தைத் திறந்தவன் நன்றாகப் படித்துவிடுவான் என்பதும் ஒன்றா?

பெரிய இடங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2007-இல் 'கோர்ஸ் சிக்னல்ஸ்' என்று ஒன்று கொண்டுவந்தது. மாணவர் வாங்கும் மார்க்கையும் பாடத் தளத்தில் அவர் காட்டும் முனைப்பையும் கணக்குப் போட்டு பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு காட்டும். இந்த விளக்கு உள்ள பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பை விடாமல் தொடர்கிறார்கள் என்று பெருமையாக அறிவித்தார்கள். 2013-இல் விமர்சகர்கள் கேட்டார்கள்: ஐயா, படிப்பை விடாமல் இருப்பவன்தானே இரண்டு பாடம் எடுக்க முடியும்? அந்தப் பெருமையில் பெரும்பகுதி அதோடு போயிற்று.

எச்.ஓ.டி.யிடம் வேறொரு வரைபடம் கேள்: தளத்தில் உள்ள பயிற்சிக் கணக்கைப் போட்டவர்கள் எத்தனை பேர், வெறுமனே திறந்து மூடியவர்கள் எத்தனை பேர்?

கேள்வி: பாட வீடியோவை இரட்டை வேகத்தில் பார்க்கிறேன். நண்பன் திட்டுகிறான்.
(பி.காம். மாணவர், தஞ்சாவூர்)

பதில்: நண்பனிடம் 2021-இல் லாஸ் ஏஞ்சலஸ் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையைச் சொல். இரட்டை வேகம் வரை மார்க்கில் பெரிய சேதம் இல்லை. இரண்டரை மடங்குக்குப் போனதும் இறங்கிவிட்டது. இன்னொரு நல்ல சேதியும் உண்டு. இரட்டை வேகத்தில் ஒரு முறை, ஒரு வாரம் கழித்துத் தேர்வுக்கு முன்னால் இன்னொரு முறை என்று பார்த்தவர்கள், சாதா வேகத்தில் ஒரே முறை பார்த்தவர்களை முந்தினார்கள்.

ஆனால் அங்கே காட்டிய பாடங்கள் ரோமப் பேரரசும் வீடு, நிலத்தின் மதிப்பீடும். ரோமப் பேரரசை இரட்டை வேகத்தில் கவிழ்த்துவிடலாம். அக்கவுண்டன்சி கணக்கு சாதா வேகத்திலேயே நம்மைக் கவிழ்க்கும். கணக்கு வரும் இடத்தில் வேகத்தைக் குறை, விடை வருமுன் நிறுத்து, ரஃப் நோட்டில் நீயே போடு. அப்புறம் ஓடவிட்டு ஒப்பிடு.

கேள்வி: என் மகள் ராத்திரி பதினொரு மணி வரை போனும் கையுமாக இருக்கிறாள். கேட்டால் 'ஆன்லைன் கிளாஸ்மா' என்கிறாள். நம்பலாமா?
(இல்லத்தரசி, விருதுநகர்)

பதில்: நம்புங்கள் அம்மா. நம்பிவிட்டு, சாப்பாடு போடும்போது 'இன்னிக்கு என்ன பாடம், எனக்குச் சொல்லேன்' என்று கேளுங்கள். மூன்று நிமிஷம் தமிழில், உங்களுக்குப் புரிகிறாற்போல் சொன்னால் அவள் படித்திருக்கிறாள். 'உனக்கெல்லாம் புரியாதும்மா' என்றால் அவளுக்கே இன்னும் புரியவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன். தம்பி கேம் ஆடி முடித்த பிறகுதான் என் கைக்கு வருகிறது. அதற்குள் சார்ஜும் தீர்ந்துவிடும், டேட்டாவும் தீர்ந்துவிடும்.
(முதலாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவி, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: இந்தப் பதில் உனக்கில்லை, உன் வீட்டுப் பெரியவர்களுக்கு. 2021-இல் ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. டேட்டாவை அரசாங்கம் கொடுக்கும். போனை யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்வது நீங்கள். பெண் பிள்ளை பாடம் முடித்த பிறகு பையன் ஆடட்டும். ஆடாவிட்டாலும் குடி முழுகாது.

இப்போது உனக்கு, மகளே: கல்லூரி நூலகக் கம்ப்யூட்டரிலேயே வீடியோக்களைப் பார்த்துவிடு. பேச்சின் எழுத்துப் பிரதி இருந்தால் அதை மட்டும் பிரிண்ட் எடு. ஒரு மணி நேர வகுப்பு சில தாள்களில் அடங்கும், சார்ஜும் வேண்டாம்.

கேள்வி: என்பிடெல் சான்றிதழால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?
(இரண்டாம் ஆண்டு மாணவர், மதுரை)

பதில்: ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய இணையப் பாடத் திட்டம் அது. அந்த வாசல்களுக்குள் நுழைய முடியாதவர்களுக்காகவே கதவைத் திறந்தார்கள். என்பிடெல் பாடங்கள் நடக்கும் ஸ்வயம் தளத்தின் பாடங்களை, உன் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால், ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை கிரெடிட்டாக எடுக்கலாம் என்று 2021-இல் யு.ஜி.சி. விதியே வந்துவிட்டது. பிரயோஜனம் உண்டு. படித்து வாங்கினால்.

கேள்வி: அதே என்பிடெல் வார அசைன்மென்ட்டுக்கு விடைகள் நெட்டிலேயே கிடைக்கின்றன. எல்லோரும் பார்த்துத்தான் போடுகிறார்கள். நான் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும்?
(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. தேர்வு நேரில், மையத்தில், கண்காணிப்பாளர் முன்னிலையில். 25-இல் 10-உம் 75-இல் 30-உம் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். ஆக, நீ திருடுவது கால் பங்கை. அதற்கு விலையாகக் கொடுப்பது முக்கால் பங்கை. இந்த வியாபாரக் கணக்கு வராதவனுக்கு எந்தப் பாடத்தில் சான்றிதழ் கொடுப்பது?

பன்னிரண்டு வாரப் பாடத்தில் உன் சிறந்த எட்டு அசைன்மென்ட்டைத்தான் எண்ணுகிறார்கள். நான்கு வாரம் சொதப்ப உனக்கு உரிமை இருக்கிறது. சொந்தமாகச் சொதப்பு.

கேள்வி: சாட்ஜிபிடி இருக்கும்போது நோட்ஸ் எதற்கு, ஆசிரியர் எதற்கு?
(எம்.சி.ஏ. மாணவர், வேலூர்)

பதில்: துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளி மாணவர்களை வைத்துக் கணிதத்தில் சோதித்தார்கள். சாட்ஜிபிடி போன்ற ஒன்றைக் கையில் கொடுத்ததும் பயிற்சிக் கணக்குகளில் மார்க் 48 சதவீதம் ஏறியது. அதைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாமலே படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவு.

விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் வடிவமைத்த இன்னொரு வகையும் அங்கே இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. ஆசிரியர் எதற்கு என்றாயே, இதற்குத்தான். 'விடை சொல்' என்று கேட்காதே. 'நான் போட்டது எந்த வரியில் தப்பு?' என்று கேள்.

கேள்வி: பிடிஎஃப்-இல் முக்கிய வரிகளை மஞ்சளில் குறித்துப் படிக்கிறேன். சரிதானே?
(பி.ஏ. பொருளாதாரம், கும்பகோணம்)

பதில்: டன்லாஸ்கி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். கோடு போடுவதும் மஞ்சள் பூசுவதும் கடைசி வரிசையில். தன்னையே சோதித்துக்கொள்வதும், நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் வரிசையில். பக்கம் முழுக்க மஞ்சளாகிவிட்ட பிறகு முக்கியமானது எது, நீ பூசாமல் விட்ட வரியா?

கேள்வி: தமிழ்வழியில் படித்துப் பொறியியலுக்கு வந்தேன். பாட வீடியோ போட்டால் ஆங்கிலம் ஓடுகிறது, நான் நிற்கிறேன். இரண்டு கப்பு வாங்கிவிட்டேன். படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
(முதலாம் ஆண்டு மாணவர், அரியலூர் மாவட்டம்)

பதில்: விடாதே. மற்றவன் ஒரு வேலை செய்யும் நேரத்தில் நீ இரண்டு வேலை செய்கிறாய்: மொழியையும் பிடிக்கிறாய், பாடத்தையும் பிடிக்கிறாய். மூச்சு வாங்கத்தான் செய்யும். மொழி தெரியாததைப் பாடம் தெரியாததாக எண்ணி எந்த ஆசிரியர் உன்னை வகுப்பில் கிண்டல் செய்தாலும் தப்பு அவர் மேல்.

இரண்டு வேலையையும் பிரித்துவிடு. தமிழக அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழிப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். இயற்பியல் புத்தகத்தில் அந்தப் பாடத்தைத் தமிழிலேயே முதலில் படி. நிலைமம், உந்தம், திருப்பு விசை என்று வரும் சொற்களை இடப்பக்கம் எழுது. இனெர்ஷியா, மொமெண்டம், டார்க் என்று வலப்பக்கம் எழுது. அப்புறம் வீடியோவைப் போடு, வேகத்தை முக்கால் ஆக்கு, கீழே எழுத்து ஓடவிடு. ஓடும் ஆங்கிலத்தில் உனக்குத் தெரிந்த முகங்கள் தட்டுப்படத் தொடங்கும். என்பிடெல் பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது, தேடிப் பார்.

2010-இலேயே அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழில் யோசிப்பவனுக்குப் பொறியியல் வராது என்று எவனாவது சொன்னால் என் முகவரியைக் கொடு.

கேள்வி: எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். எல்லோரும் பொறியியல் பாடத்தையே பேசுகிறீர்கள். எங்களுக்கு நெட்டில் என்ன இருக்கிறது?
(மாணவி, திருநெல்வேலி)

பதில்: உன்னிடம்தான் சொத்து அதிகம். மதுரைத் திட்டத்தில் 1998 பொங்கல் முதல் தன்னார்வலர்கள் கைப்பட ஏற்றிய இலக்கியங்கள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. பாடங்கள், உரைகள், நிகண்டுகள், மின்னூலகம் எல்லாம் அங்கே காசில்லாமல். உரையோடு படி. 'சுருக்கமான நோட்ஸ்' என்று வரும் பிடிஎஃப்-ஐ மட்டும் தொடாதே. உரையாசிரியர்கள் அத்தனை பேர் உழைத்ததை அரைப்பக்கத்தில் கொன்றிருப்பார்கள்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகப் பாடத்துக்கு வேண்டிய பழைய ஈழத்து நூல்கள் கடையில் கிடைப்பதில்லை. என்ன செய்வது?
(மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: நூலகம் இணையத்தளம் 2005 முதல் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளை மின்வடிவில் சேர்த்து வருகிறது. 1981-இல் யாழ் நூலகம் எரிந்தபோது சாம்பலானவை 97,000 நூல்கள் என்பார்கள். அந்த ஊர்ப் பிள்ளை நீ. உன் வீட்டுப் பரணில் பழைய சஞ்சிகை ஒன்று கிடந்தாலும் ஸ்கேன் செய்ய அவர்களிடம் கொடு. உனக்குப் பின்னால் வருபவன் இதே கேள்வியை எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: பாடப் பகுதிகளை ஜெராக்ஸ் எடுத்துப் படித்தால் குற்றமா?
(சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: சட்டம் படிப்பவர் என்னிடம் கேட்கலாமா? ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகத்தார் மூவரும் டெல்லி பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது 2012-இல் வழக்குப் போட்டார்கள். வகுப்புக்கு வேண்டிய பகுதிகளைத் தொகுத்து விற்பது காப்புரிமை மீறல் இல்லை என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2016-இல் சொல்லிவிட்டது. அதற்காக முழுப் புத்தகத்தை டெலிகிராமில் ஏற்றிவிட்டு அந்தத் தீர்ப்பைக் காட்டாதீர்கள்.

கேள்வி: பிபிடியை முன்கூட்டியே ஏற்றிவிட்டால் பாதி வகுப்பு காலியாகிவிடுகிறது. ஏற்றாமல் விடலாமா?
(உதவிப் பேராசிரியர், காஞ்சிபுரம்)

பதில்: விடாதீர்கள் பேராசிரியரே. வராதவனைத் தண்டிக்கப் போய், காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையையும் பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளையையும் தண்டித்துவிடுவீர்கள்.

ஆனால் நேர் வகுப்புக்கு மதிப்பு உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளாதாரப் பாடத்துக்கு மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு நேர் வகுப்பு, மறு பகுதிக்கு அதே வகுப்பின் பதிவு. மொத்தத்தில் நேர் வகுப்பு கொஞ்சம்தான் முந்தியது. ஆனால் ஏற்கெனவே மார்க் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கு வித்தியாசம் கூடுதலாகத் தெரிந்தது. வகுப்புக்கு வராமல் பிபிடியை நம்புவதும் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள்தான் என்பது உங்களுக்கே தெரியும். பிபிடியில் கேள்வியைப் போடுங்கள், விடையை வகுப்பில் போடுங்கள். திரையில் இருப்பதை வரி வரியாக வாசிக்கும் வகுப்புக்கு மட்டும் யாரையும் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: ஒரு மணி நேர வீடியோ தயாரித்து ஏற்றினேன். யாரும் முழுதாகப் பார்க்கவில்லை.
(கௌரவ விரிவுரையாளர், தர்மபுரி)

பதில்: எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை 2014-இல் அலசினார்கள். ஆறு நிமிஷத்துக்குள் இருந்தால் பார்க்கிறார்கள். பத்தாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி. உங்களுக்குத் தரும் சம்பளத்துக்கு இவ்வளவு உழைக்கிறீர்களே, அதற்கு என் கும்பிடு.

கேள்வி: வகுப்பில் லேப்டாப்பில்தான் நோட்ஸ் எடுப்பேன். பேராசிரியர் மூடச் சொல்கிறார்.
(மாணவர், புதுச்சேரி)

பதில்: மூடு. அமெரிக்க ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயிண்டில் ஒரே பொருளாதாரப் பாடத்துக்குச் சில வகுப்புகளில் லேப்டாப்பை அனுமதித்தார்கள், சிலவற்றில் தடுத்தார்கள். அனுமதித்த வகுப்புகள் தேர்வில் பின்தங்கின. லேப்டாப்பில் ஸ்கோர் பார்க்கக் கிரிக்கெட் இல்லாத ஊரிலேயே ராணுவ ஒழுக்கம் தோற்றிருக்கிறது.

கேள்வி: எம்ஐடி பாடங்களை நம் ஊர் மாணவன் பார்த்துத் தாக்குப்பிடிக்க முடியுமா?
(பி.எஸ்சி. கணிதம், திண்டுக்கல்)

பதில்: 2012-இல் எம்ஐடி மின்சுற்றுப் பாடத்தை உலகத்துக்கே திறந்துவிட்டது. சேர்ந்தவர்கள் 1,54,763. சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157. முழு மார்க் எடுத்தவர்களில் மங்கோலியாவின் உலான்பாதரைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவன். திண்டுக்கல்லுக்கு என்ன குறைச்சல்?

எம்ஐடி பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணிதத்தில் தொடங்கு. கரும்பலகை, சாக்பீஸ், ஒரு மனிதர். நிறுத்தி நிறுத்தித் தன்னையே கேட்டுக்கொள்வார், சட்டென்று பதில் சொல்ல மாட்டார். அந்த இடைவெளியில் நீ பதில் சொல்லிப் பார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்துவிட்டு 2023-இல்தான் ஓய்வு பெற்றார்.

கேள்வி: எனக்கு 46 வயது. மில் வேலை. பிளஸ் டூ-வோடு நின்றது. இப்போது ஆன்லைனில் டிகிரி படித்தால் சிரிப்பார்களா?
(தொழிலாளி, ராஜபாளையம்)

பதில்: சிரிப்பவர்கள் ஃபீஸ் கட்டப் போவதில்லை, விட்டுத்தள்ளுங்கள். சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் படிப்பு 2020-இல் தொடங்கியது. வயது வரம்பு கிடையாது. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் உள்ளே போகலாம். பாடம் இணையத்தில், தேர்வு நேரில். கணக்கு துருப்பிடித்திருந்தால் முதலில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுங்கள். சேர்ந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், ஸ்வீட் என் செலவு.

கேள்வி: மாமா, நாளைக் காலை பத்து மணிக்குப் பரீட்சை. ஐந்தாவது யூனிட்டுக்கு இப்போதுதான் குரூப்பில் நோட்ஸ் வந்திருக்கிறது. 62 பக்கம். என்ன செய்ய?
(மாணவர், ஊர் சொல்ல மாட்டேன்)

பதில்: திறக்காதே. படித்த நான்கு யூனிட்டிலிருந்து இரண்டு மார்க் கேள்விகள் எட்டைப் பார்க்காமல் எழுது. பெரிய கேள்வி ஒன்றை, படத்தோடு, கடிகாரம் வைத்து எழுது. போனை அம்மாவிடம் கொடுத்து ஆறு மணிக்கு எழுப்பச் சொல். ஹால் டிக்கெட்டை இப்போதே பையில் வை.